இழைப்புளியின் அடியில் அழியாத கோடு

போன வருஷம் ஐப்பசி மாதம். மட்டாஞ்சேரியில் நான் இஸ்திரிக் கடை போட்டிருக்கும் சந்தில் நடந்தது. ஒரு புதன்கிழமை தொடங்கி அடுத்த திங்கட்கிழமை காலையில் முடிந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமும் அவ்வளவு வெட்கமும் ஒரே வாரத்தில் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சிரட்டைக் கரி போட்ட பித்தளைப் பெட்டி, ஒரு மேஜை, ஒரு தகரக் கூரை. இதுதான் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு.

என் மனைவியின் தம்பிக்குத் தச்சு வேலை. முப்பது வயது. கதவு, ஜன்னல் வேலையில் ஆள் சுத்தம். அதற்கு எட்டு மாதம் முன்னால், கரண்டில் ஓடும் இழைப்பு மெஷின் அவன் இடது கையில் இரண்டு விரலின் நுனியைக் கொண்டுபோய்விட்டது. புண் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. எங்காவது ஒரு வீட்டில் அந்த மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவான். தச்சு வேலையை விட்டு மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். தோப்பும்படியில் மூன்று பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தான்.

அந்தப் புதன்கிழமை வந்து அவன் அக்காவிடம் சொன்னான்.

“திங்கக்கெழம ஊருக்குப் போயிருதேன்க்கா. இங்கன மூட்டை தூக்குறதுக்கு அங்கன ஆடு மேய்க்கலாம்.”

“ஒனக்கு ஆடு எங்கல இருக்கு?” என்றாள் என் மனைவி.

அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் இன்னொன்றும் சொன்னான். அவன் முன்பு வேலை பார்த்த காண்ட்ராக்டர் போன் செய்திருக்கிறார். எங்கள் சந்திலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறார்கள். பின்பக்கம் ஏழு கதவு. எல்லாம் பழைய தேக்கு. மழையில் ஊதிப்போய் சட்டத்தில் இடிக்கின்றன. முன்பக்கம் ஏற்கெனவே விருந்தாளிகள் தங்கியிருக்கிறார்கள். அதனால் மெஷின் சத்தம் கூடாது, தூசு கூடாது. கையால் இழைக்க வேண்டும். நல்ல இழைப்புளி இருந்தால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வா, வேலை பிடித்தால் தொடர்ந்து வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் கலூரிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.

மெஷினைக் கண்டு பயப்படுகிறவனுக்கு மெஷின் கூடாத வேலை! அதைவிட நல்ல சேதி உண்டா? எனக்கு அப்படித் தோன்றியது. அவனுக்குத் தோன்றவில்லை.

“எங்கிட்ட இருக்கிறது சந்தை இழைப்புளி அத்தான். ரெண்டு இழுப்புல பிளேடு மொட்டையாயிரும். நல்லதா புதுசு வாங்கணும்னா நான் மூணு மாசம் மூட்டை தூக்கணும். விடுங்க.”

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் மனதில் ஒரு காட்சி ஓடியது. தோப்பும்படிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடை உண்டு. இங்கே ஆக்ரிக் கடை என்பார்கள். என் பெட்டிக்கு மூடி ஆணி தேடி அங்கே போயிருக்கிறேன். சங்கிலிக் குவியலுக்குக் கீழே இரும்பு இழைப்புளி மாதிரி ஏதோ ஒன்றைப் பார்த்த நினைவு.

வியாழக்கிழமை மத்தியானம் போனேன். கடைக்காரர், நாங்கள் இக்கா என்று கூப்பிடுகிறவர், நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவே இல்லை.

“அண்ணாச்சிக்கு எந்தா வேண்டே?”

“இழைப்புளி. இரும்பு.”

“சிந்தேரோ? ஆ மூலையில நோக்கு. பாம்பு உண்டெங்கில் அதும் எடுத்தோ, காசு வேண்டா.”

இங்கே இழைப்புளிக்குச் சிந்தேர் என்று பேர். மூலையில் நோண்டினேன். படகுச் சங்கிலி, உடைந்த நங்கூரம், தையல் மெஷின் சக்கரம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று கிடைத்தது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. மூன்றையும் தரையில் வரிசையாக வைத்தேன். மூன்றும் ஒரே அளவு, முக்கால் முழ நீளம். மூன்றும் ஒரே நிறம், துரு நிறம். ஒன்றுக்குக் கைப்பிடி இல்லை. ஒன்றுக்கு பிளேடு கரையான் தின்ற பலகை மாதிரி இருந்தது. மூன்றாவதில் எல்லாம் இருந்தது. ஆனால் அதை ஒரு ஸ்பேனரால் தட்டினால் டக் என்று செத்த சத்தம் வந்தது. மற்ற இரண்டும் மணி மாதிரி பாடின. செத்த சத்தம் வந்ததைத் திருப்பிப் பார்த்தேன். பிளேடு வெளியே வரும் வாய்க்குப் பக்கத்தில் மயிரிழை மாதிரி விரிசல்.

பரவாயில்லை. அதன் பிளேடு நன்றாக இருந்தது. மூன்றையும் வைத்து ஒன்று ஆக்கலாம்.

இக்கா எடை போட்டார். இரும்பு விலைதான். “மூணும் எந்தினா? அலமாரியில வெச்சு சாமி கும்பிடவோ?” என்று கேட்டார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன். திருடிக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி இருந்தது.

இனி அடுத்த இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணி தேய்த்துக்கொண்டே இருபது வருஷம் போய்விட்டது. அந்த இரண்டு நாள் மட்டும் நான் கைத்தொழில் புதிதாகப் பழகுகிற ஆள் மாதிரி இருந்தேன். இடையில் தேய்க்க வந்த துணியைக்கூட ‘நாளை’ என்று திருப்பி அனுப்பினேன்.

எல்லாவற்றையும் கழற்றினேன். கழலாத திருகுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தேன். இரும்புத் துண்டுகளை ஒரு பானையில் போட்டு வினிகரை ஊற்றி ஊற வைத்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

“சோறு வடிக்கிற பானையிலயா? நாளைக்கு சோத்துக்குப் பதிலா ஆணி திம்பீகளா?”

“வேற பானை வாங்கிக்கலாம்.”

“இந்த வாய் எனக்கு ஒரு சேலை வாங்கிக்கலாம்னு என்னைக்காவது சொல்லிருக்கா?”

மறுநாள் காலையில் பானைத் தண்ணீர் கறுப்பாகிவிட்டிருந்தது. எடுத்து பிரஷ் போட்டேன். துரு சேறு மாதிரி வழிந்து போனது. உள்ளே இரும்பு சாம்பல் நிறத்தில் வந்தது. அப்படியே விட்டால் மறுபடி துரு ஏறும். அந்தப் புளிப்பைக் கொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் சலவை சோடா மூட்டையாகவே இருக்கிறது! சோடாத் தண்ணீரில் முக்கினேன், துடைத்தேன், பெட்டிச் சூட்டில் காட்டி உலர்த்தினேன், தையல் மெஷின் எண்ணெய் தடவினேன். உடம்பில் ஆங்கில எழுத்து தெரிந்தது. எனக்கு வாசிக்க வராது. கூடவே ஓர் எண் இருந்தது. அது தெரிந்தது. ஐந்து. “நம்பர் அஞ்சு” என்று மனைவியிடம் காட்டினேன். “அதுக்கு பிளஸ் டூ பாஸான பிள்ளைய காட்டுத மாதிரி என்ன காட்டுதீக” என்றாள். ஆனால் அவளும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

நல்ல உடம்பு ஒன்றிலிருந்து. பிளேடு விரிசல் விட்டதிலிருந்து. கைப்பிடி இன்னொன்றிலிருந்து. ஒன்றின் திருகு மற்றொன்றில் சுகமாக ஏறியபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மிச்சம் அடிப்பாகம். இழைப்புளியின் அடி சமமாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பிளேடும் பிரயோஜனம் இல்லை. அதுவரை எனக்குத் தெரியும். கண்ணாடிக் கடையில் ஒரு தடித்த கண்ணாடித் துண்டு கேட்டு வாங்கினேன். அதன்மேல் எமரித் தாளைத் தண்ணீர் தொட்டு ஒட்டினேன். பிளேடு கையை அறுக்கும் என்று கழற்றி ஓரமாக வைத்தேன். அதை அழுத்திப் பிடிக்கும் மேல்மூடியையும் கழற்றினேன். வெறும் உடம்பைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

தேய்ப்பது என் தொழில். இதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது என்று நினைத்தேன். அந்த நினைப்பைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் வினை இருந்தது. வெள்ளிக்கிழமை மீதிப் பொழுது முழுக்கத் தேய்த்தேன். அடிப்பாகம் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே பளபளப்பு. இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு கீற்று வெளிச்சம்கூடப் புகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மச்சினன் வந்தான். நான் சாணைக்கல்லில் பிளேடை வைத்து இழுத்துக்கொண்டிருந்தேன். சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பக்கத்தில் வந்து குந்தினான்.

“அத்தான், கத்திரிக்காயா நறுக்கப் போறீங்க? கொண்டாங்க.”

பிளேடைக் கையில் வாங்கினான். எட்டு மாதத்துக்குப் பிறகு ஓர் உளியின் முனை அவன் கையில். குறைந்த இரண்டு விரலை மேலே வைத்து, சாய்வு மாறாமல், முன்னும் பின்னும். ஒரு மணி நேரம் அப்படியே தீட்டினான். கடைசியில் தன் முன்கை முடியில் ஒட்டிப் பார்த்தான். முடி தானாக விழுந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். முகத்தில் சிரிப்பு தெரிந்துவிடக் கூடாது என்றுதான்.

பிளேடை மாட்டினோம். ஆடக் கூடாது என்று மேல்மூடியின் திருகை என் முழுப் பலத்தோடு நானே முறுக்கினேன். கையில் கிடைத்த ஒரு சாண் ரீப்பர் மரத்துண்டில் அவன் தள்ளினான். வெங்காயத் தோல் மாதிரி ஒரு சுருள் வாய் வழியாக எழுந்து வந்து தரையில் விழுந்தது. என் மனைவி அதை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள். அன்றைக்கு மூன்று பேரும் நிறையச் சாப்பிட்டோம். நாளைக்குக் குளியலறைக் கதவில் பார்த்துவிடலாம், அதுவும் மழையில் ஊதித்தான் கிடக்கிறது என்று அவனே சொன்னான். அவனே சொன்னான்! அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைக் கழற்றி, சுவரோரம் நீள ஓரம் மேலே வரும்படி நிறுத்தி, நான் பிடித்துக்கொண்டேன். அவன் அதன் ஓரத்தில் இழைப்புளியை வைத்துத் தள்ளினான்.

ஒன்றும் வரவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. பிளேடைக் கொஞ்சம் இறக்கினான். மறுபடி தள்ளினான். தொடக்கத்தில் கடித்தது. நடுவில் தொடாமலே போனது. முடிகிற இடத்தில் திடீரென்று கவ்வி, ஒரு சிம்பைப் பெயர்த்து எடுத்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினான். தடதடவென்று குதித்துக்கொண்டு போய், இழைத்த இடமெல்லாம் படிப்படியாக நின்றது. நாலு தடவை, ஐந்து தடவை. அவன் நெற்றியில் வியர்வை வந்தது. கை நடுங்கியது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தக் கையை.

“இழைப்புளில என்னமோ இருக்கு அத்தான்.”

இரண்டு நாள் பாடுபட்டவன் நான். ஸ்கேல் வைத்துப் பார்த்தவன் நான். என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

“இழைப்புளில ஒண்ணும் இல்ல. ஒன் கைதான் நடுங்குது.”

பேசாதவன் பேசினால் அப்படித்தான் வரும் போல. அவன் இழைப்புளியை மெதுவாகக் கீழே வைத்தான். கையைத் துண்டில் துடைத்தான். கதவைத் திரும்ப மாட்ட எனக்கு உதவி செய்தான். நாலு திருகாணியையும் முறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

மனைவி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வெளியே வந்து என்னைப் பார்த்தாள்.

“மாசத்துக்கு ஒரு வார்த்தை பேசுதீக. அதையும் இப்படியா பேசணும்?”

நான் கடையில் போய் உட்கார்ந்தேன். கோபம்தான் இருந்தது. சொன்னது உண்மைதானே என்று இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்குப் பக்கத்துச் சந்துச் சேச்சி, தேய்க்கக் கொடுத்திருந்த புடவையை வாங்க வந்தார். அவர் வீட்டுக்காரர் தோப்பும்படியில் மீன்பிடிப் படகு எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறார். லேத் மெஷினில் நிற்பது இந்தச் சேச்சிதான். பட்டறையில் நம் ஊர்ப் பையன்களை வைத்து வேலை வாங்கி வாங்கி, பாதி தமிழ் பாதி மலையாளமாகப் பேசுவார். மறுநாள் ஒரு கல்யாணம், புடவை அவசரம் என்றார். புடவை ஆகவில்லை. இழைப்புளி வேலையில் கட்டு பிரிக்காமலே கிடந்தது.

“ரெண்டு தெவசமா என்ன செய்தீங்க அண்ணா? ஒறக்கமா?”

மேஜை ஓரத்தில் கிடந்த இழைப்புளியைக் காட்டினேன். ‘ஓ’ என்று எடுத்தார். திருப்பினார். ஸ்கேல் கேட்டார். கொடுத்தேன். அடியில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார்.

“நடுவுல குழிஞ்சிருக்கே?”

“இல்ல சேச்சி. நான் பாத்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல.”

“பின்ன நான் பொய் சொல்லுதோ? வாங்க, நோக்குங்க.”

பார்த்தேன். வாய் இருக்கும் இடத்தில் ஸ்கேலுக்குக் கீழே மெல்லிய வெளிச்சக் கோடு. வெள்ளிக்கிழமை அது இல்லை. சத்தியமாக இல்லை.

“தேய்க்கும்போது இந்த பிளேடும் மூடியும் போட்டு முறுக்கி வெச்சிருந்தீங்களா?”

“இல்ல. கழட்டி வெச்சிருந்தேன்.”

சேச்சி சிரித்தார். அவர் சிரிப்பு சந்து முனை வரை கேட்கும்.

“எண்ட அண்ணா! இரும்பு கல்லு மாதிரி நிக்கும்னு நினைக்கண்டா. முறுக்கினா வளையும். நாங்க எஞ்சின் சிலிண்டர் கடையும்போது மேல ஒரு கனத்த தகடு வெச்சு, எல்லா போல்ட்டும் முறுக்கிட்டுதான் கடையும். ஓடும்போது எப்படி இருக்குமோ அப்படி வெச்சுதான் சமம் பாக்கணும். சும்மா இருக்கும்போது சமமா இருந்து எந்து காரியம்?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் இது எனக்குத் தெரியும். என் இஸ்திரிப் பெட்டி ஆறிக் கிடக்கும்போது அடித்தகடு ஒரு மாதிரி, கரி ஏற்றினால் வேறு மாதிரி. புதுப்பெட்டி வாங்கும்போது கடைக்காரன் எவ்வளவு சொன்னாலும் கரி போட்டுச் சூடேற்றிப் பார்க்காமல் நான் வாங்கியதே இல்லை. இருபது வருஷமாக என் கைக்குத் தெரிந்த விஷயம். அந்த இழைப்புளியைத் தேய்த்தபோது மட்டும் என் புத்திக்கு வரவில்லை.

“புடவை நாளைக்குக் காலைல போதும். முதல்ல இதப் பாருங்க” என்று சேச்சி போய்விட்டார்.

பிளேடைக் கழற்றவில்லை. முனை வெளியே நீளாதபடி உள்ளே இழுத்து வைத்தேன். மேல்மூடித் திருகைத் தளர்த்தி, இந்தத் தடவை அளவாக, விரல் பலத்துக்கு மட்டும் முறுக்கினேன். துணிக்குக் குறி போடும் மார்க்கர் பேனா கடையில் எப்போதும் இருக்கும். அதால் அடிப்பாகம் முழுக்கக் குறுக்குக் கோடு போட்டேன். கண்ணாடி மேல் எமரித் தாளில் வைத்து நாலு இழுப்பு இழுத்துத் திருப்பினேன்.

முன்முனையில் கோடு அழிந்திருந்தது. பின்முனையிலும் அழிந்திருந்தது. நடுவில், வாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், கறுப்புக் கோடுகள் போட்டது போட்டபடி நின்றன. எமரித் தாள் அங்கே தொடவே இல்லை.

காலையில் அந்தக் கதவுக்கு என்ன நடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு முனையும் கதவில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் இருந்த பிளேடை மரத்துக்கு விடாமல் தூக்கிப் பிடித்திருக்கின்றன. பிளேடை இறக்க இறக்க, இழைப்புளியின் முனை கதவைத் தாண்டுகிற இடத்தில் மட்டும் பாய்ந்து கவ்வியிருக்கிறது. சனிக்கிழமை ரீப்பர் சின்னத் துண்டு. அது அந்தக் குழிக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதனால் சுருள் வந்தது. எந்தக் கை பிடித்திருந்தாலும், உலகத்திலேயே நடுங்காத கை பிடித்திருந்தாலும், அந்தக் கதவு அப்படித்தான் பெயர்ந்திருக்கும்.

பிறகு தேய்த்தேன். நான் தேய்த்ததிலேயே வேகமான தேய்ப்பு அதுதான். கோடு போடுவேன், தேய்ப்பேன், திருப்புவேன். கறுப்பு கொஞ்சம் குறையும். மறுபடி கோடு. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். “தப்பு என்னுது” என்றேன். அவள் எதிரில் உட்கார்ந்து எமரித் தாளுக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். இரண்டரை மணி நேரம். கடைசிக் கோடு வாய் ஓரத்தில் ஒரு எறும்பு அளவுக்கு நின்றது. பிறகு அதுவும் போனது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ‘ஆ’ என்றோம்.

இருட்டுவதற்குள் பஸ் ஏறித் தோப்பும்படிக்குப் போனேன். அவன் அறையில் பை திறந்து கிடந்தது. சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். கூட இருப்பவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். வழியெல்லாம் எதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போயிருந்தேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. நின்றபடியே சொன்னேன்.

“மாப்ள, இழைப்புளிதான் தப்பு. பிளேடு இல்லாம தேச்சிட்டேன். முறுக்கினதும் வளைஞ்சிருக்கு. ஒன் கை இல்ல. காலைல நான் சொன்னது தப்பு.”

இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று திட்டம் எதுவும் இல்லை. அப்படி அமைந்துவிட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தான்.

“டீ குடிக்கீங்களா அத்தான்?”

“குடிச்சிட்டேன்.”

இழைப்புளியை அவன் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வருவாயா என்று கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று இருந்தது.

திங்கட்கிழமை காலையில் முதலில் சேச்சியின் புடவையைத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு அந்தப் பழைய வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன். எட்டு மணி ஆனது. காண்ட்ராக்டர் கையில் போனை வைத்துக்கொண்டு வாசலுக்கும் சந்துக்கும் பார்த்தார். எட்டே கால். “வரில்ல அல்லே?” என்றார் என்னிடம். கலூர் ஆளுக்குப் போன் போடப் போகிறார் என்று தெரிந்தது.

அப்போது சந்து முனையில் அவன் திரும்பினான். தோளில் துண்டு. துண்டுக்குள் எதையோ குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தான். பஸ் கிடைக்கவில்லை, நடந்து வந்தேன் என்றான். காண்ட்ராக்டர் துண்டை விலக்கிப் பார்த்தார்.

“இது ஏதோ ஆக்ரிக் கடை சாமான் போலயல்லே?”

“அங்கேர்ந்துதான் சாரே” என்றான் மச்சினன்.

முதல் கதவைக் கழற்றி நிறுத்தினார்கள். இந்தத் தடவை நான் பிடிக்கவில்லை, தள்ளி நின்றேன். அவன் இழைப்புளியை ஓரத்தில் வைத்தான். ஒரு மூச்சு விட்டான். தள்ளினான்.

ஸ்ஸ்ஸ் என்று பட்டுப்புடவையை இழுத்த மாதிரி ஒரே சத்தம். ஒரு முனையில் தொடங்கியது மறு முனை வரை நிற்கவே இல்லை. அவன் அதோடு கூடவே நடந்தான். வாயிலிருந்து சுருள் எழுந்து, சுருண்டு, அவன் மணிக்கட்டில் ஏறி, கதவு நீளத்துக்கும் ஒரே நாடாவாக வந்தது. அறுபடவே இல்லை. நான் கத்திவிடுவேன் போல இருந்தது. முன்பக்கம் ஆட்கள் தூங்குகிறார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். இரண்டாவது இழுப்பு. மூன்றாவது. தேக்கு வாசனை ஏறியது. மழையில் கறுத்த மேல்தோல் போய், உள்ளே தேன் நிறம் வந்தது. தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி!

அவன் கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. முதல் கதவு முடிகிற வரைக்கும் நடுங்கியது. சுருள் மட்டும் ஒரே கனத்தில் வந்துகொண்டே இருந்தது.

காண்ட்ராக்டர் குனிந்து ஒரு சுருளை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அதன் வழியாக எதிர்ச் சுவரின் ஜன்னல் தெரிந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த கதவைக் கழற்றச் சொன்னார்.

மச்சினன் அப்போதுதான் என் பக்கம் திரும்பினான்.

“இன்னும் என்ன பாத்துட்டு நிக்கீங்க? போய்க் கடையத் தொறங்க அத்தான்.”

ஏழு கதவும் நாலு நாளில் முடிந்தன. இன்றும் அவரிடம்தான் வேலை பார்க்கிறான். மெஷின் பக்கம் போவதில்லை, கை வேலையெல்லாம் அவனுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆக்ரிக் கடை இக்கா பழைய இழைப்புளி வந்தால் எனக்காக எடுத்து வைக்கிறார். இதுவரை ஏழெட்டு சரி பண்ணிவிட்டேன். எல்லாம் பிளேடை மாட்டி முறுக்கிய பிறகுதான் தேய்க்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. ஆனால் எனக்கு அடிக்கடி நினைவு வருகிறது. அந்தச் சேச்சி புடவை கேட்டு ஒரு நாள் தாமதமாக வந்திருந்தால் அவன் தன் கையை இனி நம்பாமல் ஊருக்கு பஸ் ஏறியிருப்பான், நானோ ‘பார், நான் சொன்னது சரிதான்’ என்று நிம்மதியாகத் துணி தேய்த்துக்கொண்டிருந்திருப்பேன்.